வகுப்பறையில் பெரும்பான்மை, ஆய்வகத் தலைமையில் சிறுபான்மை: இந்திய அறிவியலில் பெண்களின் பாதை எங்கே தடைபடுகிறது?

புதுதில்லி: இந்தியக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அறிவியல் படிப்போரில் இன்று மாணவிகளே அதிகம். மத்திய கல்வி அமைச்சகத்தின் 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி, அறிவியல் பிரிவில் இளநிலை முதல் முனைவர் பட்டம் வரை பயின்ற 57.2 லட்சம் பேரில் 29.8 லட்சம் பேர் பெண்கள், 27.4 லட்சம் பேர் ஆண்கள்.

ஆனால், அதே அறிவியலைக் கற்பித்து, ஆய்வகம் நடத்தி, ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டும் இடத்தில் இருப்பவர்களை எண்ணினால் நிலைமை தலைகீழாகிறது. 'பயாஸ்வாட்ச் இந்தியா' என்ற தன்னார்வக் குழு, நாட்டின் 98 பல்கலைக்கழகங்கள், ஆய்வு நிறுவனங்களில் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத் துறைகளின் ஆசிரியர்களைக் கணக்கெடுத்தது. அவர்களில் பெண்கள் 16.7 சதவீதம். அதாவது, ஆறு பேரில் ஒருவர். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் புள்ளிவிவரமும் ஏறத்தாழ இதையே கூறுகிறது. 2018 நிலவரப்படி, ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணிகளில் நேரடியாக ஈடுபட்டிருந்தோரில் பெண்களின் பங்கு 16.6 சதவீதம்.

பெண்கள் அறிவியல் படிக்க முன்வருவதில்லை என்ற பழைய விளக்கம் இந்த எண்களுக்குப் பொருந்தாது. படிக்க வருகிறார்கள்; முனைவர் பட்டமும் பெறுகிறார்கள். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதே கேள்வி.

படிகள் எப்படி அமைந்துள்ளன?

கல்விசார் அறிவியலில் ஒருவர் நிரந்தரப் பணியை அடையும் வழி நீண்டது. முதுநிலைப் பட்டம் முடிக்கும்போது வயது 22 அல்லது 23. யுஜிசி - சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் வென்றால் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைக்கும். 2023 ஜனவரி முதல் இத்தொகை மாதம் ரூ.37,000, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் முதுநிலை நிலைக்கு உயர்ந்தால் ரூ.42,000. வீட்டு வாடகைப் படி தனி. இந்த உதவித்தொகைக்கான வயது வரம்பில் பெண்களுக்கு 5 ஆண்டுகள் தளர்வு உண்டு.

முனைவர் பட்டம் முடிய ஐந்து முதல் ஆறு ஆண்டுகள் ஆகும். அடுத்து, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு. ஆய்வு மாணவர்களின் பேச்சில் இது 'போஸ்ட் டாக்'. இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை, பெரும்பாலும் வெளிநாட்டில், ஒப்பந்த அடிப்படையில் செய்யப்படும் பணி இது. விதிமுறைகளில் இது எப்போதும் கட்டாயமாக எழுதப்பட்டிருப்பதில்லை என்றாலும், ஐஐடி, ஐசர், ஐஐஎஸ்சி போன்ற நிறுவனங்களின் ஆசிரியர் தேர்வில் வெளிநாட்டு ஆய்வு அனுபவத்துக்கு உள்ள மதிப்பை விண்ணப்பிக்கும் அனைவரும் அறிவர்.

இவற்றையெல்லாம் கடந்தபின் கிடைக்கும் உதவிப் பேராசிரியர் பணி மதிப்பானது. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி மத்தியப் பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.57,700. ஐஐடிகளில் முதல்நிலை உதவிப் பேராசிரியருக்கு ரூ.1,01,500. ஊதியத்தைவிட முக்கியமானது, எதை ஆராய்வது என்று தாமே முடிவெடுக்கும் உரிமையும், சொந்த ஆய்வகமும், மாணவர்களும் இந்தப் பணியோடுதான் வருகின்றன என்பது.

எண்ணிக்கை குறையும் இடம்

முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த பெண்களின் எண்ணிக்கை 2014-15இல் 48 ஆயிரம். 2021-22இல் 99 ஆயிரம். அனைத்துத் துறைகளையும் சேர்த்துப் பார்த்தால், 2.12 லட்சம் முனைவர் பட்ட ஆய்வாளர்களில் ஏறக்குறைய பாதி. இன்றைய பேராசிரியர்கள் பல ஆண்டுகளுக்கு முன் பணியில் சேர்ந்தவர்கள். மாணவிகளின் எண்ணிக்கை உயர்ந்திருப்பதால் ஆசிரியர் எண்ணிக்கையும் தானாக உயர்ந்துவிடும் என்ற வாதம் இதனால்தான் எழுகிறது. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால், 2014-15லேயே முனைவர் பட்ட ஆய்வாளர்களில் ஐந்தில் இருவர் பெண்கள். அந்தத் தலைமுறை உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும் வயதை எட்டிவிட்டது.

துறைக்குத் துறை வேறுபாடும் உண்டு. உயிரியல் துறைகளில் பெண் ஆசிரியர்கள் ஒப்பீட்டளவில் அதிகம். இயற்பியலிலும் பொறியியலிலும் மிகக் குறைவு. ஆயினும், மாணவிகள் பெருமளவில் பயிலும் உயிரியலில்கூட ஆசிரியர்களில் பெண்கள் பாதியை நெருங்கவில்லை.

கொள்கை ஆவணங்களில் இந்த இழப்பைக் 'கசியும் குழாய்' என்று அழைப்பது வழக்கம். வசதியான உவமைதான். ஆனால், யாரும் எதுவும் செய்யாமலே பெண்கள் வழியில் நழுவிப் போகிறார்கள் என்ற தோற்றத்தை அது தந்துவிடுகிறது. நேர்காணலில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதும் மற்றொருவரை விடுவதும் மனிதர்கள் எடுக்கும் முடிவுகள்.

காரணம் குடும்பம் மட்டும்தானா?

அறிவியலில் பெண்கள் ஏன் நீடிப்பதில்லை என்று கேட்டால், திருமணம், குழந்தை, குடும்பப் பொறுப்பு என்பதே பெரும்பாலோர் தரும் பதில். பெங்களூருவில் உள்ள தேசிய மேம்பட்ட ஆய்வுகள் நிறுவனமும் இந்திய அறிவியல் அகாதெமியும் இணைந்து 2010இல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பதிலைச் சோதித்துப் பார்த்தது. முனைவர் பட்டம் பெற்று ஆய்வில் நீடிக்கும் பெண்கள், ஆய்வை விட்டு வேறு பணிக்குச் சென்ற பெண்கள், பணியே செய்யாத பெண்கள், ஒப்பீட்டுக்காக ஆண் விஞ்ஞானிகள் என நான்கு தரப்பினரிடம் கருத்து கேட்கப்பட்டது. அனிதா குருப், ரோகிணி கோட்போலே உள்ளிட்டோர் இதை நடத்தினர். துகள் இயற்பியலாளரான கோட்போலே, இந்தியப் பெண் விஞ்ஞானிகளின் தன்வரலாற்றுக் கட்டுரைகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த 'லீலாவதியின் மகள்கள்' நூலின் பதிப்பாசிரியர்களில் ஒருவர். 2024 அக்டோபரில் மறைந்தார்.

பெண்கள் வெளியேறக் குடும்பமே முக்கியக் காரணம் என்று கருதுவது ஆண்களிடம் கூடுதலாக இருந்தது. வெளியேறிய பெண்களோ, தகுதிக்கேற்ற வேலை கிடைக்காததையும் நிறுவனங்களின் அமைப்பையும் முக்கியமாகச் சுட்டினர். ஆய்வில் நீடித்த பெண்களிலும் பெரும்பான்மையினர் மணமானவர்களே, குழந்தைகளை உடையவர்களே என்பதையும் ஆய்வு காட்டியது. குடும்பம் இருப்பது மட்டுமே ஒருவரை வெளியேற்றிவிடுமானால் இவர்களும் நீடித்திருக்க முடியாது.

அதே ஆய்வில் வேறொரு எண்ணும் உண்டு. ஆய்வில் நீடித்த பெண்களில் 14 சதவீதம் பேர் திருமணமே செய்துகொள்ளாதவர்கள். ஆண்களில் இது 2.5 சதவீதம் மட்டுமே. ஆகவே, குடும்பப் பொறுப்பு ஒரு பொருட்டே அல்ல என்று கூறிவிடவும் முடியாது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடுவோரில் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுவது தெரியவந்தது. முனைவர் பட்டம் பெற்ற பெண்ணும் இந்தச் சமூகத்தில்தான் வாழ்கிறார். அந்தச் சுமையைக் கணக்கில் கொள்ளாத விதிகளை நிறுவனங்கள் வைத்திருக்கும்போது, வீட்டில் தொடங்கும் சிக்கல் பணியிடத்தில் முற்றுகிறது.

வயதுக் கணக்கு

29 வயதில் முனைவர் பட்டம் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 30 முதல் 34 வரை அவர் வெளிநாட்டில் ஒப்பந்தப் பணியில் இருக்க வேண்டும். சில ஐஐடிகளின் ஆசிரியர் பணி அறிவிப்புகளில், விண்ணப்பதாரர் பொதுவாக 35 வயதுக்குள், பெண்ணாயின் 38 வயதுக்குள் இருப்பது விரும்பத்தக்கது எனக் குறிப்பிடப்படுகிறது. பணியில் சேர்ந்த முதல் ஐந்தாண்டுகளில் ஆய்வகம் அமைத்து, நிதி பெற்று, கட்டுரைகள் வெளியிட்டாக வேண்டும். பெருமைக்குரிய சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருதுக்கான வயது உச்சவரம்பு 45. அதன் இடத்தில் 2023இல் அறிவிக்கப்பட்ட 'விக்யான் யுவ' விருதுக்கும் அதே வரம்புதான்.

ஆக, ஒரு விஞ்ஞானியின் எதிர்காலத்தை முடிவு செய்யும் ஆண்டுகளும் ஒரு பெண் தாயாகக்கூடிய ஆண்டுகளும் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. இரண்டு ஆண்டுகள் விடுபட்டால் கட்டுரைகளின் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் நேர்காணல் அழைப்பு வராது. அழைப்பு வருவதற்குள் வயது கடந்துவிடும்.

சட்டப் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் 26 வார ஊதியத்துடன் கூடிய விடுப்பை அளித்தது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்றது. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு, முதல் இரு குழந்தைகளுக்காக 730 நாள்கள் வரை குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் முனைவர் பட்ட விதிமுறைகள், மாணவிகளுக்கு ஆய்வுக் காலத்தில் 240 நாள்கள் வரை விடுப்பும், ஆய்வை முடிக்க இரண்டு ஆண்டுகள் கூடுதல் அவகாசமும் தருகின்றன.

சிக்கல் எங்கே எழுகிறதென்றால், இந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி மாணவியாகப் பதிவு செய்திருப்பவருக்கோ நிரந்தர ஊழியருக்கோ உரியது. மேலே கூறிய 29 வயதுக்கும் 35 வயதுக்கும் இடைப்பட்டவர் இரண்டுமல்ல. அவர் ஒரு திட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்ட தற்காலிக ஆய்வாளர். மகப்பேறு விடுப்பு கிடைத்தாலும், திட்டத்தின் முடிவுத் தேதி அதற்காகத் தானாக நீள்வதில்லை. 730 நாள் விடுப்பு அவருக்குப் பொருந்தாது. மிகவும் தேவைப்படும் காலத்தில்தான் பாதுகாப்பு மிகக் குறைவாக இருக்கிறது.

காப்பகம் கட்டுவது இதில் எளிதான பகுதி. பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் வளாகத்தில் 'டோல்னா' என்ற குழந்தைகள் காப்பகம் இயங்கி வருகிறது. ஆய்வகத்திலிருந்து நடந்து சென்று குழந்தையைப் பார்த்துவர முடியும் என்பது அங்கு பணிபுரிவோருக்கு எத்தகைய வசதி என்பதை விளக்கத் தேவையில்லை.

கணவனும் மனைவியும் ஒரே துறையில்

பெண் விஞ்ஞானிகளில் பலர் விஞ்ஞானிகளையே மணக்கின்றனர். இருவருக்கும் ஒரே ஊரில் வேலை கிடைப்பது அரிது. கணவனையும் மனைவியையும் ஒரே நிறுவனத்தில் நியமிப்பதில்லை என்ற எழுதப்படாத வழக்கம் இந்திய ஆய்வு நிறுவனங்களில் நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத ஒன்றை எதிர்த்து முறையிடுவதும் கடினம். இருவரில் ஒருவருக்கு மட்டும் நிரந்தர வேலை கிடைக்கும்போது, மற்றவர் திட்டப் பணிகளிலோ அருகிலுள்ள கல்லூரியிலோ இடம் தேடுகிறார். அந்த மற்றவர் பெரும்பாலும் மனைவி.

2020 இறுதியில் வெளியிடப்பட்ட ஐந்தாவது தேசிய அறிவியல், தொழில்நுட்பம் மற்றும் புத்தாக்கக் கொள்கையின் வரைவு இதை நேரடியாகக் கையாள முயன்றது. தம்பதியர் இருவரையும் நியமிக்க வழிசெய்தல், பிறந்த ஆண்டுக்குப் பதிலாக முனைவர் பட்டம் பெற்றபின் ஆய்வில் கழித்த ஆண்டுகளைக் கணக்கிடும் 'கல்வி வயது' முறை, முடிவெடுக்கும் குழுக்களில் பெண்களுக்கு குறைந்தது 30 சதவீத இடம் ஆகியவற்றை அது முன்வைத்தது.

கற்பிப்போர் பலர், ஆராய்வோர் சிலர்

உயர்கல்வி ஆசிரியர்களில் பெண்கள் குறைவு என்று பொதுவாகக் கூறினால் அது தவறு. 2021-22 ஆய்வறிக்கையின்படி, நாட்டின் 15.98 லட்சம் உயர்கல்வி ஆசிரியர்களில் 43.4 சதவீதம் பேர் பெண்கள். அறிவியல் முனைவர் பட்டம் பெற்ற பெண்களில் பலர் கல்லூரிகளில் இருக்கிறார்கள்.

ஆனால், கல்லூரி உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும் என்பது யுஜிசி நெறிமுறை. விடைத்தாள் திருத்தல், தேர்வுப் பணி, நிர்வாக வேலைகள் தனி. பெரும்பாலான கல்லூரிகளில் ஆய்வுக் கருவிகளும் இல்லை. நிரந்தரப் பணியும் இல்லாமல் கௌரவ விரிவுரையாளராக இருப்பவரின் நிலை இன்னும் மோசம். ஒரு வகுப்புக்கு ரூ.1,500, மாதம் அதிகபட்சம் ரூ.50,000 என யுஜிசி 2019இல் நிர்ணயித்த தொகையைக்கூடப் பலர் முழுமையாகப் பெறுவதில்லை. ஆய்வு நிறுவனத்தில் இடம் கிடைக்காமல் கல்லூரிக்குச் சென்றவர் மீண்டும் ஆய்வுக்குத் திரும்புவது, இந்தச் சூழலில் மிக அரிதாகவே நிகழ்கிறது.

விதிகள் சொன்ன காரணங்கள்

தகுதி இருந்தும் நிறுவன விதியின் பெயரால் நிறுத்தப்படுவது இந்திய அறிவியலில் புதிதல்ல. 1933இல் பம்பாய் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்றுவந்த கமலா பகவத், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். இயக்குநராக இருந்த சர் சி.வி. ராமன், பெண் என்பதால் அனுமதி மறுத்தார். கமலா விட்டுக்கொடுக்கவில்லை. முதல் ஓராண்டு முறையான மாணவியாகக் கருதப்பட மாட்டார், அவரால் ஆண் ஆய்வாளர்களின் கவனம் சிதறக்கூடாது என்பன போன்ற நிபந்தனைகளுடன் இடம் கிடைத்தது. இந்த அவமதிப்பைப் பிற்காலத்தில் அவரே வெளிப்படையாகப் பேசினார். கேம்பிரிட்ஜ் சென்று 1939இல் முனைவர் பட்டம் பெற்ற அவர், கமலா சோஹோனி என்ற பெயரில் நாட்டின் முன்னணி உயிர்வேதியியலாளராக அறியப்பட்டார்.

அன்னா மணியின் கதை வேறுவிதமானது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அவர், 1940இல் உதவித்தொகை பெற்று அதே நிறுவனத்தில் ராமனின் ஆய்வகத்திலேயே சேர்ந்தார். வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளியியல் பண்புகளை ஆராய்ந்து ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945இல் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அப்போது அந்நிறுவன மாணவர்களுக்குப் பட்டம் வழங்கியது சென்னைப் பல்கலைக்கழகம். முதுநிலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. முடிவுற்ற அந்த ஆய்வேடு இன்றும் ராமன் ஆய்வு நிறுவன நூலகத்தில் இருக்கிறது. பட்டமின்றியே இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்த அன்னா மணி, நாட்டுக்கான வானிலைக் கருவிகளை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கி, துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வு பெற்றார்.

இன்று எந்த நிறுவனமும் பெண் என்ற காரணத்தைக் கூறி இடம் மறுப்பதில்லை, மறுக்கவும் முடியாது. இரண்டாவது வகைக் காரணங்களே எஞ்சியுள்ளன. வயது வரம்பு, இடைவெளி, கட்டுரை எண்ணிக்கை, வெளிநாட்டு அனுபவம் என ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் நியாயமாகவே தோன்றும்.

விருதும் தலைமையும்

பட்நாகர் விருது 1958 முதல் வழங்கப்பட்டது. வேதியியலாளர் அசீமா சட்டர்ஜி 1961இல் அதைப் பெற்ற முதல் பெண். இயற்பியல் பிரிவில் ஒரு பெண்ணுக்கு அது கிடைக்க 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அலகாபாதில் உள்ள ஹரிஷ் சந்திரா ஆய்வு நிறுவனத்தின் அதிதி சென் தே அதைப் பெற்றார். 2021இல் அறிவிக்கப்பட்ட 11 பேரில் ஒரு பெண்கூட இல்லை.

தலைமைப் பொறுப்புகளில் அண்மை ஆண்டுகளில் மாற்றம் தெரிகிறது. 1935இல் தொடங்கப்பட்ட இந்திய தேசிய அறிவியல் அகாதெமிக்கு 2020இல் சந்திரிமா சாஹா முதல் பெண் தலைவரானார். 1942இல் உருவான அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கவுன்சிலின் முதல் பெண் தலைமை இயக்குநராக 2022 ஆகஸ்டில் ந. கலைச்செல்வி பொறுப்பேற்றார். திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரத்தைச் சேர்ந்த அவர், தமிழ்வழியில் பள்ளிக் கல்வி பயின்று, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் தொடக்கநிலை விஞ்ஞானியாகச் சேர்ந்து உயர்ந்தவர். ஐஐடிகளில் முதல் பெண் இயக்குநர் 2023இல்தான் வந்தார். சென்னை ஐஐடியின் சான்சிபார் வளாகத்துக்கு ப்ரீத்தி அகலயம் நியமிக்கப்பட்டார்.

பேசத் தயங்கும் தடை

ஆய்வு மாணவியின் பட்டம், பரிந்துரைக் கடிதம், அடுத்த வேலை அனைத்தும் ஒரே நெறியாளரின் கையில் இருக்கின்றன. அவரோ அவரது வட்டத்தைச் சேர்ந்தவரோ அத்துமீறினால் புகார் அளிப்பது ஐந்தாண்டு உழைப்பைப் பணயம் வைப்பதாகும். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும், 2015ஆம் ஆண்டின் யுஜிசி விதிமுறைகளும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழுவைக் கட்டாயமாக்கியுள்ளன. விசாரணைக் காலத்தில், புகாருக்கு உள்ளானவர் புகார் அளித்தவரின் பணியை மதிப்பிடாமல் தடுக்கவும் விதி உள்ளது. ஆனால், நெறியாளரை மாற்றுவது என்பது ஆய்வுத் தலைப்பையே மாற்றுவதாகும். ஒரு நுண்துறையில் நாடு முழுவதும் நான்கைந்து வல்லுநர்களே இருக்கும்போது, மாற்று நெறியாளரைத் தேடித் தருவது புகார்க் குழுவின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது.

தொழில்முறை அமைப்புகள் சில இதில் முன்னே சென்றுள்ளன. இந்திய வானியல் சங்கம் 2015இல் பாலின சமத்துவத்துக்கான பணிக்குழுவை அமைத்தது. இந்திய இயற்பியல் சங்கத்தின் பணிக்குழு 2019இல் நடத்திய மாநாட்டிலிருந்து, இயற்பியலில் பாலின சமத்துவத்துக்கான 'ஹைதராபாத் சாசனம்' உருவானது.

திரும்பி வருவோருக்கான திட்டங்கள்

பணி இடைவெளிக்குப் பின் ஆய்வுக்குத் திரும்ப விரும்பும் பெண்களுக்கு, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03 முதல் 'பெண் விஞ்ஞானிகள் திட்டம்' நடத்தி வந்தது. இது பின்னர் 'கிரண்' என்றும், இப்போது 'வைஸ்-கிரண்' என்றும் பெயர் மாற்றம் பெற்றுள்ளது. முனைவர் பட்டம் தொடர விரும்புவோருக்கு 'வைஸ்-பிஎச்டி', பட்டம் பெற்று ஆய்வைத் தொடர விரும்புவோருக்கு 'வைஸ்-பிடிஎஃப்' என இதில் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. ஆய்வகத்துக்குத் திரும்ப இயலாதோர் அறிவுசார் சொத்துரிமைத் துறையில் பயிற்சி பெறும் பிரிவும் உண்டு. இதில் பயின்ற பலர் காப்புரிமை முகவர்களாகத் தகுதி பெற்றுள்ளனர். உயிரித் தொழில்நுட்பத் துறை 'பயோகேர்' என்ற திட்டத்தை நடத்துகிறது.

ஏற்கெனவே நிரந்தரப் பணியில் இருக்கும் பெண்களுக்காக 2020 அக்டோபரில் 'பவர்' திட்டம் தொடங்கப்பட்டது. 35 முதல் 55 வயது வரையிலான பெண் விஞ்ஞானிகளுக்கு வழக்கமான ஊதியத்துடன் மாதம் ரூ.15,000, ஆண்டுக்கு ரூ.10 லட்சம் ஆய்வு நிதி என மூன்று ஆண்டுகளுக்கு வழங்க இதில் வகை செய்யப்பட்டது. ஆண்டுக்கு 25 பேருக்கு மேல் இல்லை. இதை நடத்திய அறிவியல் மற்றும் பொறியியல் ஆராய்ச்சி வாரியம், இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையுடன் இணைக்கப்பட்டுவிட்டது.

திரும்பி வருவோருக்கான திட்டங்களால் பயனடைந்தோர் பலர். ஆனால், அவற்றின் எல்லையும் தெளிவானது. அவை வழங்குவது பெரும்பாலும் மூன்றாண்டுத் திட்டப் பணி; நிரந்தரப் பணியிடம் அல்ல. நிதி பெற்றவர் ஏதேனும் ஒரு நிறுவனத்தில், அங்குள்ள பேராசிரியர் ஒருவரின் ஆதரவில் ஆய்வு செய்ய வேண்டும். திட்டம் முடியும்போது அவருக்கு 40 வயது கடந்திருக்கும். அனுபவமும் கட்டுரைகளும் கூடியிருக்கும். விண்ணப்பிக்கக்கூடிய பணியிடங்களோ குறைந்திருக்கும். ஒரு திட்டத்திலிருந்து இன்னொரு திட்டத்துக்கு மாறி மாறிப் பணிக்காலத்தையே கழித்தவர்களும் உண்டு. திட்டத்தை நடத்துவது ஒரு துறை. ஆசிரியரை நியமிப்பது வேறொரு நிறுவனம். முன்னதன் வெற்றி பின்னதை எவ்வகையிலும் கட்டுப்படுத்துவதில்லை.

நிறுவனங்கள் மாறினால்

நிறுவனங்கள் தீர்மானித்தால் எண்கள் விரைவாக மாறும் என்பதற்கு ஐஐடி மாணவர் சேர்க்கையே சான்று. 2016-17இல் ஐஐடிகளின் பி.டெக். மாணவர்களில் பெண்கள் ஏறத்தாழ 8 சதவீதம். 2018 முதல் மாணவிகளுக்கென கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டன. ஏற்கெனவே இருந்த இடங்கள் எதுவும் குறைக்கப்படவில்லை. அந்த ஆண்டுக்கு 14 சதவீதம், 2019இல் 17, 2020இல் 20 என இலக்குகள் வைக்கப்பட்டன, எட்டவும் பட்டன. ஆசிரியர் நியமனத்தில் இதற்கு ஈடான நாடு தழுவிய ஏற்பாடு எதுவும் இல்லை.

நிறுவனங்களையே மாற்றும் நோக்கில் 2020இல் அறிவிக்கப்பட்டது 'கதி' திட்டம். பிரிட்டனில் 2005 முதல் செயல்படும் 'அதீனா ஸ்வான்' முறையைப் பின்பற்றிய இத்திட்டத்தின் சோதனைக் கட்டத்தில் 30 நிறுவனங்கள் சேர்க்கப்பட்டன. தங்கள் நியமனம், பதவி உயர்வு, குழு அமைப்பு ஆகியவற்றை நிறுவனங்கள் தாமே ஆராய்ந்து, குறைகளைக் களையச் செயல்திட்டம் வகுத்து, அதற்கேற்ப மதிப்பீடு பெற வேண்டும்.

பிரிட்டனில் இம்முறை வேகம் பெற்றது 2011இல்தான். குறிப்பிட்ட தகுதிநிலையை எட்டாத மருத்துவக் கல்வி நிறுவனங்கள் அரசின் பெரிய ஆய்வு நிதிகளுக்கான போட்டியில் முன்னேற முடியாது என்று அப்போதைய தலைமை மருத்துவ அதிகாரி அறிவித்தார். அதுவரை ஆர்வமுள்ள சிலரின் பணியாக இருந்தது, துணைவேந்தர்களின் மேசைக்குச் சென்றது. ஆவண வேலை பெருகிவிட்டது என்ற விமர்சனமும் எழுந்து, 2020இல் அந்த நிபந்தனை விலக்கிக்கொள்ளப்பட்டது. இந்தியாவின் சோதனைக் கட்டத்தில் நிதியுடனான இத்தகைய இணைப்பு ஏற்படுத்தப்படவில்லை.

இதற்கெல்லாம் முன்பாகச் செய்யக்கூடிய, செலவே இல்லாத ஒன்றும் உள்ளது. ஓர் ஆசிரியர் பணியிடத்துக்கு எத்தனை பெண்கள் விண்ணப்பித்தனர், எத்தனை பேர் நேர்காணலுக்கு அழைக்கப்பட்டனர், எத்தனை பேர் தேர்வாயினர், தேர்வுக் குழுவில் பெண்கள் எத்தனை பேர் என்ற விவரங்களை நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் வழக்கம் நாட்டில் பரவலாக இல்லை. இந்த விவரங்கள் இருந்தால், பெண்கள் விண்ணப்பிப்பதில்லையா, அழைக்கப்படுவதில்லையா, அழைக்கப்பட்டும் தேர்வாவதில்லையா என்பதைப் பிரித்தறிய முடியும். மூன்றுக்கும் தீர்வுகள் வெவ்வேறு. இப்போதைக்கு நாடு மேற்கோள் காட்டும் 16.7 சதவீதம் என்ற எண்ணேகூட, தன்னார்வலர்கள் திரட்டித் தந்த கணக்குதான்.